எட்டு நாளில் பிள்ளை பெற்று வரச் சொல்கிறார்கள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் ஒரு பட்டமளிப்பு விழாப் படம் வந்திருந்தது. கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை, கையில் பட்டம். தாயான பின்னும் தளராத மாணவி என்று கீழே போட்டிருந்தீர்கள். நல்ல படம். வெட்டி எடுத்து மருமகளிடம் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, “இந்தப் பிள்ளைய இத்தனை நாளா யாரு தூக்கிட்டு அலைஞ்சாங்கன்னு போடலையே அத்தை” என்றாள். அதை நாமே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கடிதம் கொஞ்சம் நீண்டுதான் போகும். சுருக்கிப் போடுவதானால் சுருக்குங்கள், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். எங்கள் வயிற்றெரிச்சலே அந்த எண்களில்தான் இருக்கிறது.

நான் திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 29 வருடம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். படிப்பு பிளஸ் டூ. மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான், மாதம் ஒருமுறை வந்து போவான். மருமகள் எம்.எஸ்சி. கணிதம். பெண் பார்க்கப் போன அன்றே “பி.எட். முடிச்சிடணும்” என்று வாய் திறந்து சொன்னவள். 2022 கடைசியில், எங்கள் ஊரிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு கல்வியியல் கல்லூரியில் சேர்ந்தாள். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பி.எட். மற்றப் படிப்பு மாதிரி இல்லை. பட்டம் முடித்து, பலர் மேல்பட்டமும் முடித்து, 23, 25 வயதில் வருகிறார்கள். அந்த வயதில் நம் பக்கத்து வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், இல்லாவிட்டால் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவள் வகுப்பில் ஐம்பது பேர். ஆண் பிள்ளைகள் நாலே பேர். கழுத்தில் தாலியோடு வந்தவர்கள் பாதிக்கு மேல். இரண்டு வருடத்தில் ஐந்து பேர் முழுகாமல் இருந்தார்கள். வருடா வருடம் இப்படி நாலைந்து பேர் உண்டு என்று கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே சொன்னார். அந்த வாட்ச்மேனுக்குத் தெரிந்தது கல்லூரியின் விதிமுறைக்குத் தெரியவில்லை.

இப்போது கணக்கு. ஆசிரியர் கல்விக்கென்று டெல்லியில் என்.சி.டி.இ. என்ற மத்திய அமைப்பு இருக்கிறது. 2014-ல் அவர்கள் போட்ட விதிப்படி பி.எட். இரண்டு வருடம். வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகுகிறார்களே, அந்தப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாம் வருடத்தில் அது 16 வாரம். வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 80 நாள். அதில் 90 சதவீதம் 72 நாள். ஆக, எட்டு நாள் விடலாம். காய்ச்சல், பஸ் வராதது, பெரிய காரியம், எல்லாம் அந்த எட்டு நாளுக்குள். பிள்ளை பெறுவதும் அதே எட்டு நாளுக்குள். சிசேரியன் என்றால் தையல் பிரிக்கவே ஏழெட்டு நாள் ஆகும் ஐயா. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான்.

மருமகளுக்கு 2023 மாசியில் தெரிந்தது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். “இந்த வருஷம் போதும். பிள்ளை பொறக்கட்டும், படிப்ப அப்புறம் பாத்துக்கலாம்” என்று முதலில் சொன்னவள் நான்தான். அங்கன்வாடியில் பிள்ளையை விட வரும் தாய்மார்களிடம் சேர்க்கைப் பதிவுக்காக என்ன படித்திருக்கிறாய் என்று கேட்போம். பி.ஏ. இரண்டாம் வருஷம், நர்சிங் பாதியில், பி.காம். ரெண்டு பேப்பர் பாக்கி என்றுதான் பதில் வரும். எல்லோரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர்கள்தான். 29 வருடம் அதை எழுதிய கை, தன் வீட்டுக்கு வந்ததும் அதே வார்த்தையைச் சொன்னது. மருமகள் பதில் பேசவில்லை. மறுநாள் காலை ஆறே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அதற்குமேல் நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை. எடை, பிரஷர், ரத்தப் பரிசோதனை, ஊசி, இரும்புச்சத்து மாத்திரை என்று வரிசையில் நின்று முடிக்க மதியம் தாண்டும். அன்று கல்லூரியில் ஆப்சென்ட். போகாவிட்டால் நர்சம்மா வீட்டுக்கே வந்து திட்டுவார். போனால் கல்லூரியில் “மறுபடியும் செவ்வாயா?” என்பார்கள். அவள் பையில் இரண்டு அட்டை இருந்தன. ஒன்று தாய் சேய் நல அட்டை, இன்னொன்று கல்லூரி அடையாள அட்டை. ஒன்றைக் காட்ட வேண்டிய இடத்தில் மற்றதற்கு மதிப்பில்லை. வளைகாப்பைக்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தோம். முதல் பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அவள் தாய்வீடு 70 கிலோமீட்டர். அங்கே போனால் வருகை போய்விடும் என்று வளையலைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு என்மேல் வருத்தம். நான்தான் அனுப்பவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பு மூன்றாவது மாடியில். ஏழு மாதத்தில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கினாள். ஐம்பது பேர் வகுப்பைக் கீழே மாற்ற முடியாதாம், சரி. கீழ்த்தளத்துக் கழிப்பறையின் சாவியாவது கொடுக்கலாம் அல்லவா? அது ஆசிரியர்களுக்கு மட்டும் என்றார்கள். “கல்யாணம் ஆச்சுன்னு தெரிஞ்சுதானே சேர்ந்தீங்க, பிளான் பண்ணிக்கக் கூடாதா?” என்று கேட்டவர் ஒரு பேராசிரியை. “நாங்கள்லாம் இப்படித்தான் பெத்தோம்” என்றும் அவரே சொன்னாராம். நாம் பட்டோம் என்பதற்காக அடுத்தவளும் பட வேண்டும் என்றால் மாமியார் வேலையை அவர் பார்க்கலாம், நான் கல்லூரிக்குப் பாடம் எடுக்கப் போகிறேன்.

ஆடி பிறந்ததும் பயிற்சிக்கு ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் போட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு இயற்கணிதம். அந்தப் பள்ளித் தலைமையாசிரியை பார்த்த அன்றே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அந்தம்மா நன்றாக இருக்க வேண்டும். பயிற்சியைப் பார்வையிட வந்தவர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, ஆசிரியர் நின்றுகொண்டுதான் பாடம் நடத்த வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒன்பதாம் மாதம் வரை நின்றுகொண்டே நடத்தினாள். ராத்திரி காலை நீட்டிக் காட்டுவாள், விரலால் அழுத்தினால் குழி விழும். வெந்நீரில் உப்புப் போட்டு ஊற்றுவேன்.

ஐப்பசி முதல் வாரம், நல்ல மழை. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் சிசேரியன். ஆண் குழந்தை, 2 கிலோ 700 கிராம். அதுவரை பள்ளிக்கூடத்தில் 53 நாள் முடித்திருந்தாள். 72-க்கு இன்னும் 19 நாள்.

பாக்கி 19 நாளைப் பிறகு செய்து முடித்துவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கல்லூரியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு சேர்ந்து, முதல் நாளிலிருந்து, 16 வாரத்தையும் திரும்பச் செய்ய வேண்டுமாம். அந்த 53 நாள் கணக்கில் கிடையாது. வீங்கிய காலோடு நின்ற நாட்கள் ஐயா அவை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்தத் தெரிந்தது. அது கணக்கில் வராதாம்.

போதாததற்கு வகுப்பு வருகையும் குறைந்திருந்தது. அதற்கு ‘கான்டனேஷன்’ கட்டச் சொன்னார்கள், 1,500 ரூபாய். கலைக் கல்லூரிகளிலும் இது உண்டு. பெரும்பாலான இடங்களில் 75 சதவீதம் வருகை வேண்டும், அதற்குக் கீழே போனாலும் 65-க்குக் குறையாமல் நின்றால் மருத்துவச் சான்றிதழ் வைத்துப் பணம் கட்டி ஹால் டிக்கெட் வாங்கலாம், அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்த ஆங்கில வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம் என்று கேட்டேன். “மன்னிக்கிறது அத்தை” என்றாள். சினிமாவுக்குப் போய் வகுப்பை விட்ட பையனும் அதே கவுன்டரில் அதே பணத்தைக் கட்டி மன்னிப்பு வாங்கிக்கொண்டு போகிறான். என் மருமகள் எந்தக் குற்றத்துக்காக மன்னிக்கப்பட்டாள் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். ரசீதில் காரணம் என்ற இடத்தில் ‘வருகைக் குறைவு’ என்றுதான் எழுதியிருக்கிறது.

மகன் செல்போனில் தேடிச் சில விஷயங்களை எடுத்துக் கொடுத்தான். பல்கலைக்கழகங்களுக்கு மேலே இருக்கும் யு.ஜி.சி. என்ற மானியக் குழு 2021 டிசம்பர் 14 அன்று எல்லாத் துணைவேந்தர்களுக்கும் கடிதம் எழுதியிருக்கிறது. பி.எச்டி. படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை பேறுகால விடுப்பும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் விதியில் ஏற்கெனவே இருக்கிறது. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் பேறுகால விடுப்புக்கு விதி வகுத்துக்கொள்ளுங்கள், வருகையில் சலுகை கொடுங்கள், தேர்வு விண்ணப்பத் தேதியைத் தள்ளிக் கொடுங்கள் என்கிறது கடிதம். மருமகள் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கல்லூரி முதல்வரிடம் கொண்டுபோனாள். “இது யு.ஜி.சி. கடிதம்மா, நாம என்.சி.டி.இ.” என்றார். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டால் கல்லூரியைக் கேளுங்கள் என்றார்கள். கல்லூரியில், பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் செய்கிறோம் என்றார்கள். பிள்ளை அதற்குள் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான்.

பக்கத்துக் கேரளத்தில் என்ன செய்தார்கள்? கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் பட்ட, மேல்பட்ட மாணவிகளுக்கு 60 நாள் பேறுகால விடுப்பு என்று முடிவெடுத்தது. அடுத்த மாதமே மாநில அரசு, 18 வயது நிரம்பிய மாணவிகளுக்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் 60 நாள் வரை என்று சொல்லிவிட்டது. அதே 2023 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. மீரட் சவுத்ரி சரண் சிங் பல்கலைக்கழகத்தில் எம்.எட். படித்த ஒரு பெண் 59 நாள் பேறுகால விடுப்புக் கேட்டிருக்கிறார், விதியில் இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். படிப்பு வேண்டுமா பிள்ளை வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளக் கூடாது என்று சொல்லி, அந்த மறுப்பை நீதிமன்றம் ரத்து செய்தது. எம்.எட். என்பதும் இதே என்.சி.டி.இ. படிப்புதான். ஆனால் ஒவ்வொரு மருமகளும் உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? எங்களுக்குக் கல்லூரிக்குப் போகவே இரண்டு பஸ்.

நம் மாநிலம் இந்த விஷயத்தில் கைகட்டி நிற்கும் மாநிலமும் இல்லை. அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2021-லிருந்து 12 மாதம் விடுப்பு. கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய். நான் வேலை பார்த்தபோது அங்கன்வாடியில் 11 பதிவேடு. அதில் ஒன்று முழுக்கக் கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும். எத்தனையாவது மாதம், எத்தனை மாத்திரை, எடை எவ்வளவு கூடியது, எந்த ஆஸ்பத்திரி, என்ன குழந்தை, எல்லாம் எழுத வேண்டும். ஒரு பிள்ளைத்தாச்சி ஊர் மாறிப் போனால் எந்த ஊருக்குப் போனாள் என்று கண்டுபிடித்து எழுதுவோம். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் விடமாட்டார். இவ்வளவு கண்ணும் கருத்துமாக எண்ணப்படுகிற ஒரு பெண், கல்லூரிப் படியேறியதும் வருகைப் பதிவேட்டில் ஒரு சிவப்பு ‘ஏ’ எழுத்தாகிவிடுகிறாள். ஆப்சென்ட். அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஐம்பது நாள் ஆனபோது கல்லூரி வகுப்புக்குத் திரும்பப் போக வேண்டியிருந்தது. தியரித் தேர்வையாவது அந்த வருடமே எழுதிவிட வேண்டும் என்ற வைராக்கியம் அவளுக்கு. பச்சை உடம்பு. பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் ஆறு மாதத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் பேரனுக்கு எப்படிப் புட்டிப்பால் கலக்குவேன்? அதனால் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். மார்கழியிலிருந்து பங்குனி வரை, வாரம் ஐந்து நாள். வெள்ளை போர்டு பஸ் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் இல்லை. அந்த இலவசம் இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது.

நாங்கள் பஸ் மாறும் ஊரில், பஸ் நிலையத்தில் பாலூட்டும் அறை இருக்கிறது. 2015-ல் அம்மையார் ஜெயலலிதா ஆட்சியில் பஸ் நிலையங்களில் ஆரம்பித்தார்களே, அது. மின்விசிறி சுற்றாது, ஆனால் கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. இருபது நிமிடம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு அறை உண்டு. காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலு வரை இருக்கும் கல்லூரியில் இல்லை. கேட்டதற்கு நூலகத்துக்குப் பின்னால் ஸ்டோர் ரூமைக் காட்டினார்கள். உடைந்த பெஞ்சும் பழைய விடைத்தாள் மூட்டையும். எலி ஓடியது. நான் பிள்ளையை அங்கே கொடுக்கமாட்டேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

கல்லூரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்தும் பெண், சின்ன வயது, மூன்று நாள் நான் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நாலாம் நாள், “உள்ள வாங்கம்மா” என்று கூப்பிட்டு, பேப்பர் கட்டு அடுக்கும் பின்பக்கத்தைக் காலி செய்து கொடுத்தாள். மேலே இரும்புக் குழாயில் என் பழைய வாயில் புடவையைத் தூளி கட்டினேன். மிஷின் ஓடும் சத்தத்தில் பேரன் நன்றாகத் தூங்குவான், கரன்ட் போனால் விழித்துக்கொள்வான். பதினொன்றே காலுக்கு இடைவேளை, பத்து நிமிடம். மருமகள் மூன்று மாடி இறங்கி, ரோட்டைக் கடந்து ஓடிவந்து, பால் கொடுத்துவிட்டு ஓடுவாள். ஐந்து நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. மற்ற நேரத்தில் பால் கட்டிக்கொண்டு நெறிகட்டி, ஒரு வாரம் காய்ச்சலாகவும் கிடந்தாள். அந்த ஒரு வாரமும் ‘ஏ’தான். தடுப்பூசி புதன்கிழமை. பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். போட்ட ராத்திரி பிள்ளை கத்தும், மறுநாள் வியாழக்கிழமை அவளுக்கு வகுப்பில் கண் சொருகும். கர்ப்பத்தில் செவ்வாய் போனது, பிறந்த பிறகு புதன் போனது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தக் கடைக்காரப் பெண் நாலு மாதத்துக்கும் வாடகை வாங்கவில்லை. தேர்வு நேரத்தில் கடையில் கூட்டம் அதிகமாக இருந்தபோது நான் ஸ்பைரல் பைண்டிங் போடக் கற்றுக்கொண்டேன். அப்படிக் கொஞ்சம் கழித்தேன்.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று. அங்கன்வாடியில் இரண்டு வயது நிறைந்த பிள்ளையைத்தான் உட்கார வைப்போம். அதற்கு முன்னால் எடை பார்ப்போம், சத்துமாவு கொடுப்போம், அவ்வளவுதான். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் பேறுகாலச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். தாய் நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் இருக்கிறது. ஆனால் அது வேலைக்காரர்களுக்கு. மாணவி வேலைக்காரி இல்லையே. ஆக, பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை படிக்கிற பெண்ணின் பிள்ளைக்கு இருக்கும் ஒரே காப்பகம் என்னைப் போல ஒரு கிழவியின் மடிதான். அது எல்லா வீட்டிலும் இருக்காது. இருக்கிற வீட்டிலும் எல்லாக் கிழவிக்கும் மனசு வராது.

எங்கள் தெருவில் ஒரு பெண். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 19 வயதில் கல்யாணம். படிக்கிற வயதில் எதற்குக் கல்யாணம் என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் அவள் அப்பனிடம் கேட்டேன், அது தனிக் கதை. மூன்றாம் வருடம் மாசமானாள். வாந்தி, ரத்தசோகை, வருகை 65-க்குக் கீழே போனது. தேர்வு எழுத முடியவில்லை, நின்றுவிட்டாள். அவளுக்கு வீட்டில் மாமியார் இல்லை. பாஸ்புக்கைக் கொண்டுவந்து, “பாட்டி, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க” என்றாள். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துத் தவணை வரவில் இருக்கிறது. புதுமைப்பெண் பணம் நின்றுபோயிருக்கிறது. ஒரே பாஸ்புக், ஒரே பக்கம்.

புதுமைப்பெண் திட்டத்துக்கு முழுப்பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். முன்னே அது கல்யாண உதவித் திட்டமாக, தாலிக்குத் தங்கம் கொடுப்பதாக இருந்தது. 2022-ல்தான் படிப்புக்கு மாற்றினார்கள். நல்ல மாற்றம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்த அம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் தேவதாசி முறையை ஒழிக்க ஒரே காலத்தில் நின்று போராடியவர்கள். 1947-ல் சட்டமே வந்தது. அவர்கள் இரண்டு பேர் பெயரிலும் நம் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. ஒருவர் பெயரில் படிக்கச் சொல்லி, மற்றவர் பெயரில் நல்லபடியாகப் பெற்றுக்கொள்ளச் சொல்லி. இரண்டையும் ஒரே பெண் செய்தால் என்ன ஆகும் என்று இரண்டு துறையும் உட்கார்ந்து ஒரு நாள் பேசியிருந்தால் அந்தப் பாஸ்புக் பக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மருமகளின் வகுப்பில் ஐந்து பேர் என்றேனே. ஒருத்தி ஏழாம் மாதத்தோடு நின்றாள், திரும்பவில்லை. ஒருத்திக்கு நல்லவேளையாகக் கோடை விடுமுறையில் பிரசவம், தப்பித்தாள். இன்னொருத்தி ஜூனியர் பிள்ளைகளோடு சேர்ந்தாள். நாலாமவள் என்ன செய்தாள் என்பதை மருமகள் சொல்லமாட்டாள். நானும் கேட்கவில்லை.

பயிற்சி முடிக்காமலேயே பட்டம் கொடுக்கச் சொல்கிறாயா என்று யாராவது எழுதுவார்கள். இல்லை ஐயா. 72 நாளும் செய்யட்டும். ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம். என் பேரனுக்கு நாளை கணக்குச் சொல்லித்தரப் போகிறவள் அரைகுறையாக இருக்க எனக்கும் விருப்பமில்லை. 53-ஐ இந்த வருடமும் 19-ஐ அடுத்த வருடமும் செய்தால் கூட்டினால் 72 வருகிறதா இல்லையா? இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடிக்கலாம் என்று அதே என்.சி.டி.இ. விதியிலேயே இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர விட்டால் போதும். ‘ஏ’ போடும் கட்டத்தில் பேறுகால விடுப்பு என்று வேறோர் எழுத்துப் போடட்டும், அந்த நாட்களை மொத்த வேலை நாளிலிருந்து கழித்துவிட்டு மீதிக்குச் சதவீதம் பார்க்கட்டும். அதற்குப் பணம் வாங்க வேண்டாம். ஒரு ஃபேனும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறை. கீழ்த்தளத்துக் கழிப்பறைச் சாவி. இவற்றுக்கு எந்த உலக வங்கியிலும் கடன் வாங்க வேண்டியதில்லை. இதையெல்லாம் ஏதாவது ஓர் அரசாணையில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் இன்னும் நல்லது, அதைக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். முதல்வருக்கு முதல்வர், மனசுக்கு மனசு மாறுகிற சலுகையாக மட்டும் வேண்டாம். நாற்காலி போடச் சொன்ன தலைமையாசிரியையும் நல்லவர்தான், அந்த நாற்காலியை எடுக்க வைத்தது ஒரு வரிக் குறிப்புதானே.

எங்கள் கதை முடிந்ததா என்றால், ஒரு வழியாக. 2024-ல் மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் 16 வாரம். இந்த முறை எட்டாம் வகுப்பு. பேரனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்ததால் நான் வீட்டில் வைத்துப் பருப்புச் சோறு பிசைந்து கொடுத்துச் சமாளித்தேன். 80-க்கு 79 நாள் போனாள். விட்ட ஒரு நாள் பேரனுக்கு அம்மை தடுப்பூசி போட்டு மறுநாள் காய்ச்சல் அடித்தது. இப்போது ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பேரன் அவள் புத்தகத்தில் கோடு போடுகிறான். ஜெராக்ஸ் கடைக்குத் தீபாவளிக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்குள் தூளி கட்டிய குழாயில் இப்போது வேறொரு பெண்ணின் புடவை தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்திருந்த பாட்டிக்கும் எனக்கும் பேச நிறைய இருந்தது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். மருமகள் அந்தக் கல்லூரியில் இன்னும் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
திருச்சி மாவட்டம்.